வெல்ஸின் ‘தி ட்ரயல்’: கதவுகளைக் கவனித்தபடி இன்னொரு முறை

இயக்குநர் ஆர்சன் வெல்ஸ் ‘தி ட்ரயல்’ என்று படமாக்கிய, ஃப்ரான்ஸ் காஃப்காவின் ‘விசாரணை’ நாவலை ஆர்வமாக எடுத்து, நூறு பக்கத்தில் மூடி வைத்துவிட்டவர்கள் நிறையப் பேர். மொழி கடினம் என்று சொல்ல முடியாது. அலுவலகக் குறிப்பு எழுதுபவரின் தெளிவு அதில் உண்டு. கதைக் கருவும் எல்லோருக்கும் தெரியும். வங்கியில் உயர்பதவியில் இருக்கும் யோசஃப் கே. தன் முப்பதாவது பிறந்தநாள் காலையில் கைது செய்யப்படுகிறான். என்ன குற்றம் என்று யாரும் சொல்வதில்லை. வழக்கம்போல வேலைக்குப் போகலாம் என்கிறார்கள். ஏறக்குறைய ஓர் ஆண்டு கழித்து, முப்பத்தொன்றாவது பிறந்தநாளுக்கு முந்தைய இரவில், கொல்லப்படுகிறான்.

வாசகரைத் தடுக்கி விழவைப்பது வேறொன்று. ஓர் அத்தியாயத்தில் நடந்தது அடுத்த அத்தியாயத்தில் பலன் தருவதில்லை. முதல் விசாரணையில் கே. ஆவேசமாகப் பேசுகிறான், அந்தப் பேச்சால் அவன் வழக்கில் எதுவும் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. புதிதாக ஒருவர் வருவார், பக்கம் பக்கமாக ஆலோசனை சொல்வார், பிறகு கதையை விட்டே போய்விடுவார். சங்கிலியைத் தேடுகிறவருக்குத் தனித்தனி வளையங்கள்தான் கிடைக்கும்.

அப்படி இருப்பதற்கு ஓர் ஆவணக் காரணமும் உண்டு. 1914 ஆகஸ்டில் தொடங்கி 1915 ஜனவரியில் காஃப்கா கைவிட்ட கையெழுத்துப்படி அது. முதல் அத்தியாயத்தையும் கடைசி அத்தியாயத்தையும் ஆரம்பத்திலேயே எழுதி வைத்துவிட்டு, இடைப்பட்டவற்றை ஒழுங்கு பார்க்காமல் எழுதிக்கொண்டு போனார். எஞ்சியவை தனித்தனிக் கட்டுகள். எந்தக் கட்டுக்குப் பின் எது என்று அவர் எண்ணிட்டு வைக்கவில்லை. அவர் இறந்த மறு ஆண்டு, 1925இல், நண்பர் மாக்ஸ் ப்ரோட் தன் கணிப்பில் அடுக்கி வெளியிட்ட வரிசையைத்தான் உலகம் பல பத்தாண்டுகள் படித்தது. 1997இல் ஜெர்மனியில் வந்த கையெழுத்துப்படியின் நகல் பதிப்பு இந்தச் சிக்கலை நேர்மையாக எதிர்கொண்டது: ஒரே நூலாகக் கட்டாமல், பதினாறு தனித்தனிக் கட்டுகளாக ஒரு பெட்டிக்குள் போட்டுக் கொடுத்துவிட்டார்கள்.

ஆர்சன் வெல்ஸ் 1962இல் இந்த நாவலைப் படமாக்கியபோது அந்தப் பதிப்பு இல்லை. ஆனாலும் ப்ரோட்டின் வரிசையை அவர் வேதமாக எடுத்துக்கொள்ளவில்லை. பத்து அத்தியாயங்களுக்கு எண் போட்டுப் பார்த்தால் படத்தின் வரிசை 1, 4, 2, 5, 6, 3, 8, 7, 9, 10. பக்கத்து அறைப் பெண்ணின் தோழி வரும் நாலாவது அத்தியாயம் முதல் விசாரணைக்கு முன்னால் வந்துவிடுகிறது. காலியான நீதிமன்றத்துக்கு கே. திரும்பப் போகும் மூன்றாவது அத்தியாயம், வழக்கறிஞரைச் சந்தித்த பிறகு வருகிறது. எட்டும் ஏழும் இடம் மாறியதில் ஒரு கணக்கு இருக்கிறது. வழக்கறிஞரை உதறிவிட்டு ஓவியர் டிட்டொரெல்லியிடம் போகிறான், அங்கிருந்து தப்பி ஓடித் தேவாலயத்துக்குள் வந்து விழுகிறான், அங்கிருந்து கொலைக்களம். கடைசி அரைமணி நேரம் ஒரே மூச்சில் ஓடுவது இந்த இடமாற்றத்தால்தான்.

வரிசை மாற்றத்தைவிடப் பெரிய கண்டுபிடிப்பு கதவு. முதல்முறை பார்க்கும்போது கதையைத் தேடிக்கொண்டிருப்போம். கதவுகள் கண்ணில் படாது. இரண்டாம் முறை கதையை விட்டுவிட்டு, யார் எந்தக் கதவைத் திறந்து எங்கே போய் நிற்கிறார்கள் என்று மட்டும் பாருங்கள். படத்தின் இலக்கணம் பிடிபடும்.

மூலத்தில் இதற்கு விதை இருக்கிறது. நீதிமன்றம் எங்கே என்று தெரியாமல் ஏழைகளின் குடியிருப்பில் மாடி மாடியாக அலையும் கே., ‘லான்ஸ் என்ற தச்சர் இங்கே இருக்கிறாரா’ என்று பொய்யாக விசாரித்துக்கொண்டே போகிறான். தொட்டியில் குழந்தைத் துணி அலசிக்கொண்டிருக்கும் ஒரு பெண், ஈரக் கையால் அடுத்த அறையைக் காட்டுகிறாள். உள்ளே போனால் நெரிசலான நீதிமன்றம். அதன் அலுவலகங்கள் ஏறக்குறைய எல்லா மொட்டைமாடி அறைகளிலும் இருக்கின்றன. ஓவியரின் கட்டிலுக்குப் பின்னாலுள்ள கதவைத் திறந்தாலும் அதே அலுவலகம்தான். நகரம் முழுக்க ஒரே கட்டடமாக உள்ளுக்குள் இணைந்திருக்கிறது என்பது காஃப்காவின் திகில். அதைப் பாத்திரங்களின் வாயால் விளக்கவைக்காமல், படத்தொகுப்பால் காட்டினார் வெல்ஸ்.

பணத் தட்டுப்பாடும் இதற்குக் கைகொடுத்தது. தயாரிப்பாளர் அலெக்ஸாந்தர் சல்கிண்ட் நீட்டிய நூல் பட்டியலிலிருந்து வெல்ஸ் தேர்ந்தெடுத்தது இந்த நாவல். காஃப்காவின் பிராகில் எடுக்க வழியில்லை; அன்றைய செக்கோஸ்லோவாக்கிய அரசுக்குக் காஃப்கா ஆகாதவர். யூகோஸ்லாவியாவின் ஸாக்ரெபில் படப்பிடிப்பு தொடங்கியது. அரங்குகள் போகப்போகக் கரைந்து, கடைசியில் கே.யைச் சுற்றி வெற்றிடம் மட்டும் மிஞ்ச வேண்டும் என்பது வெல்ஸின் முதல் திட்டம். அந்த அரங்குகளைக் கட்டப் பணம் வரவில்லை. பாரிஸில் ஒரு விடிகாலை ஹோட்டல் ஜன்னல் வழியாகப் பார்த்தபோது ஆற்றுக்கு அப்பால் இரண்டு நிலவுகள் தெரிந்தன, அவை ஆர்சே ரயில் நிலையத்தின் கடிகார முகங்கள் என்று வெல்ஸே பின்னர் சொல்லியிருக்கிறார். 1900 உலகக் கண்காட்சிக்காகக் கட்டப்பட்டு, நீளமான ரயில்களுக்கு நடைமேடை போதாமல் நெடுந்தூரப் போக்குவரத்தை இழந்து கிடந்த நிலையம் அது. 1986 முதல் அங்கே இருப்பது ஆர்சே அருங்காட்சியகம். ஓவியம் பார்க்கப் போகிற பலருக்கு அந்த இரும்பு வளைவுகளுக்குக் கீழேதான் கே. ஓடினான் என்பது தெரியாது.

கட்டிய அரங்குக்குப் பதில் கைவிடப்பட்ட ஒரு நிலையம் கிடைத்ததில் படத்துக்கு லாபம்தான். அரங்கில் தூசியைத் தூவலாம்; அறுபது வருடப் பழமையையும், யாரோ எதற்கோ காத்திருந்து போன களைப்பையும் தூவ முடியாது. தேவாலயம், வழக்கறிஞரின் வீடு, நீதிமன்ற நடைகள் எல்லாம் ஒரே கூரையின் கீழ் அமைந்ததால், நாவல் கேட்ட அந்த உள்ளிணைப்பு தானாக வந்து சேர்ந்தது.

இந்த உத்தி மிக நீளமாக விரிவது, கே. நீதிமன்றத்தைவிட்டு வெளியே வந்து உறவுக்காரச் சிறுமி இர்மியைச் சந்திக்கும் இடத்தில். உள்ளிருந்து கிளம்புவது பாரிஸ் ஆர்சே. இறங்கும் படிக்கட்டு ரோமின் நீதிமன்ற மாளிகையுடையது. அவளுடன் பேசும் தொழிற்சாலை வாசல் மிலானில். வந்து சேரும் குடியிருப்பு ஸாக்ரெபில். மூன்று நாடுகள், நான்கு நகரங்கள்; திரையில் ஒரே நடை. இந்த விவரம் தெரியாத பார்வையாளருக்கும் ஏதோ பிசகுகிறது என்று உடம்பு சொல்லிவிடும். கட்டடங்களின் காலம் மாறுகிறது, கல்லின் நிறம் மாறுகிறது, வெளிச்சம் வரும் திசை மாறுகிறது. ஆனால் நடப்பவன் எதையும் கவனிக்கவில்லை. கனவில் நாம் அப்படித்தான் நடக்கிறோம். படத்தைச் சர்ரியல் என்று சொல்பவர்கள் பொதுவாகப் பிரம்மாண்டமான கதவையும் மெழுகுவர்த்திக் காட்டையும் காட்டுவார்கள். எனக்கு இந்தச் சாதாரண நடைதான் அதன் உச்சம்.

கைதுக் காட்சியை மட்டும் தனியாக எடுத்து, இரண்டு மூன்று தடவை ஓட்டிப் பார்ப்பது நல்லது. கே.யாக நடிக்கும் அந்தோணி பெர்கின்ஸ் படுத்திருக்க, அவரது தலைகீழான முகத்தில் தொடங்குகிறது. கதவு திறக்கிறது. கதவுக்கு அப்பால் பக்கத்து அறைப் பெண்ணின் அறை. ஒளிப்பதிவாளர் எட்மோன் ரிஷார் அகலக்கோண லென்ஸைத் தாழ்வாக வைத்திருப்பதால் கூரை கே.யின் தலைக்கு ஒரு சாண் மேலே தொங்குகிறது. வெட்டாமல் நீளும் காட்சியில் ஆட்கள் உள்ளே வருகிறார்கள், போகிறார்கள், மூலையிலிருந்து பெரிதாகிறார்கள். கே. நிமிர்ந்து நிற்க இடமில்லாத அறை அது. பதற்றத்தில் அவன் ‘ஃபோனோகிராஃப்’ என்பதற்குப் பதிலாக ‘போர்னோகிராஃப்’ என்று உளறிவிட, அதிகாரி அதைப் பிடித்துக்கொள்கிறார். கம்பளத்துக்குக் கீழே தரையில் நான்கு துளைகள். முன்பு குடியிருந்த பல் மருத்துவரின் நாற்காலி பொருத்தியிருந்த தடம். அதற்கும் விசாரணை. ‘ஓவ்யூலர்’ என்று இடத்துக்குப் பொருந்தாத ஒரு சொல்லும் குறிப்பேட்டில் ஏறுகிறது. அந்தத் துளைகளும் உளறலும் நாவலில் இல்லை, வெல்ஸின் சேர்க்கை. ஆனால் காஃப்காவின் நீதிமன்றம் வேலை செய்யும் முறை துல்லியமாக இதுதான்: குற்றம் முன்கூட்டியே இருக்க வேண்டியதில்லை, கேள்விக்குப் பதில் சொல்லச் சொல்ல அது உற்பத்தியாகும். கொலைகாரனாக நடித்த ‘சைக்கோ’ வந்து இரண்டு வருடம்கூட ஆகாத நேரத்தில் பெர்கின்ஸை இங்கே நிறுத்தியதும் யோசித்துச் செய்ததுதான். எதையும் செய்யாதபோதும் குற்றம் செய்தவன் போலச் சிரிக்கும் முகம் அவருடையது.

அலுவலகத்துக்கு ஸாக்ரெப் கண்காட்சி வளாகத்தின் மண்டபம். 850 மேசை, 850 தட்டச்சு இயந்திரம், அத்தனைக்கும் ஆள். பெரிதாகக் காட்டும் ஆசை என்று இதைத் தள்ளிவிட வேண்டாம். சற்றுமுன் தலை இடித்த அறையிலிருந்து வந்தவன், கூரையே கண்ணுக்கு எட்டாத இடத்தில் நிற்கிறான். இரண்டு இடத்திலும் அவன் ஒரே அளவுக்குச் சிறியவன். முதல் காட்சியின் தாழ்ந்த கூரை இல்லாவிட்டால் இந்த மண்டபம் வெறும் கண்காட்சியாகியிருக்கும்.

அடுத்து, பலர் வேகமாக ஓட்டிவிடும் ஒரு காட்சி. புதிய அடுக்குமாடிகளுக்கு முன்னால் ஒரு பொட்டல்வெளி. அந்தி. கால் ஊனமான மிஸ் பிட்டல் கனத்த பெட்டி ஒன்றை இழுத்துக்கொண்டு போகிறாள். பின்னாலேயே கே., தூக்கித் தருகிறேன் என்று கெஞ்சியபடி. கேமரா பக்கவாட்டில் கூடவே நகர்கிறது. அவள் தோழியான பக்கத்து அறைப் பெண் வீட்டைவிட்டுத் துரத்தப்பட்டதற்கு அவனே காரணம் என்று சொல்லிக்கொண்டே போகிறாள். நாவலில் இந்த நொண்டிப் பெண் பெட்டி படுக்கையோடு பக்கத்து அறைக்குக் குடிவருகிறவள். வெல்ஸ் அதைக் காலிசெய்யும் படலமாகத் திருப்பிவிட்டார். நீதிமன்றமோ அதிகாரியோ இல்லாமலே ஒருவனைக் குற்றவாளியாக்கிவிடலாம் என்று காட்டும் ஒரே இடம் இது. கே.யும் உள்ளூரக் குற்றவாளிதான், தன்னை நசுக்கும் அமைப்பிலேயே பதவிக்காக ஏங்குகிறவன், என்பது வெல்ஸின் நிலைப்பாடு. காஃப்கா அவ்வளவு தீர்மானமாகச் சொல்லவில்லை.

இழப்புகளையும் சொல்லியாக வேண்டும். பெரிய இழப்பு டிட்டொரெல்லி காட்சியில். கட்டுமானமாகப் பார்த்தால் அது படத்தின் மிகச் சிறந்த பகுதிகளில் ஒன்று. இடைவெளிவிட்டு அடித்த பலகைகளால் ஆன கூண்டு, ஒவ்வொரு இடுக்கிலும் சிறுமிகளின் கண்கள், வெளியே ஓடும்போது முகத்தில் வரிவரியாக விழும் வெளிச்சம். ஆனால் நாவலில் அந்த அத்தியாயத்தின் உயிர் ஓவியர் தரும் விளக்கத்தில் இருக்கிறது. விடுதலைக்கு மூன்று வழி என்கிறார். ஒன்று, உண்மையான விடுதலை. அப்படி ஒருவர் விடுபட்டதாகப் பழங்கதைகளில்தான் உண்டு. இரண்டு, தோற்றத்தளவு விடுதலை. தெரிந்த நீதிபதிகளிடம் கையொப்பம் சேகரித்து வாங்கலாம், ஆனால் கோப்பு அழியாது, மேலும் கீழும் போய்வந்துகொண்டிருக்கும், ஒருநாள் யாரோ எடுத்துப் பார்ப்பார், விடுதலையாகி வீடு திரும்புகிறவனை வாசலிலேயே மறுபடி கைது செய்யக் காத்திருப்பார்கள். மூன்று, இழுத்தடிப்பு, வழக்கை அதன் கீழ்ப்படியிலேயே நிரந்தரமாக வைத்திருப்பது, அவ்வப்போது நேரில் போய்த் தலைகாட்டுவது, நீதிபதியுடன் நல்லுறவு பேணுவது. கடைசி இரண்டுக்கும் பொதுவான நன்மை, தண்டனை வராது. பொதுவான தீமை, விடுதலையும் வராது.

கோர்ட் படி ஏறியவர்கள் யாருக்கும் இதில் விளக்கம் தேவைப்படாது. தொழிலாளர் விபத்துக் காப்பீட்டு நிறுவனத்தில் 1908 முதல் 1922 வரை கோப்பு எழுதிய காஃப்காவின் அறிவு இது. மரம் இழைக்கும் இயந்திரத்தில் சதுரத் தண்டு விரலைக் கொண்டுபோய்விடும், உருளைத் தண்டு காப்பாற்றும் என்று படம் போட்டு அறிக்கை எழுதியவர் அவர். அதே பொறுமையோடு நீதிமன்ற இயந்திரத்தின் பற்சக்கரங்களைப் பிரித்துக் காட்டுகிறார். படத்தில் இதெல்லாம் அவசரமாகப் பேசி முடிக்கப்பட்டு, சிறுமிகளின் கூச்சலில் அமுங்கிவிடுகிறது. காஃப்காவின் திகில் நிதானமான விளக்கத்திலிருந்து வருவது, வெல்ஸுடையது வேகத்திலிருந்து. இரண்டும் ஒரே சட்டகத்தில் நிற்காது.

‘சட்டத்தின் முன்னால்’ என்ற உவமையை எடுத்துப் படத்தின் தொடக்கத்தில் வைத்தது இன்றுவரை விவாதத்துக்குரியது. வாயிற்காவலன் உள்ளே விடாத மனிதன், வாழ்நாள் முழுக்கக் காத்திருக்கிறான். சாகும் தறுவாயில், இந்த வாசல் உனக்காக மட்டுமே இருந்தது, இதோ மூடப்போகிறேன் என்ற பதிலைப் பெறுகிறான். நாவலில் இது ஒன்பதாவது அத்தியாயத்தில், தேவாலய இருட்டில், சிறைப் பாதிரியாரின் வாயிலிருந்து வருகிறது. உடனே இருவரும் நடந்தபடியே பக்கம் பக்கமாக வியாக்கியானம் செய்கிறார்கள்: ஏமாந்தவன் யார், காவலனா, வந்தவனா? முடிவு கிடைப்பதில்லை. படம் அந்த வியாக்கியானத்தைக் கைவிட்டுவிட்டு, உவமையைச் சாவிபோல நம் கையில் முதலிலேயே கொடுத்துவிடுகிறது. சாவி கையில் இருக்கிறது என்ற நினைப்பு காஃப்காவின் வாசகருக்கு ஆகாது.

ஆனாலும் அந்த முன்னுரையை வெட்டியெறிய எனக்கு மனம் வராது. காரணம் அசைவூட்டக் கலைஞர்கள் அலெக்ஸாந்தர் அலெக்ஸீஃபும் க்ளேர் பார்க்கரும் ஊசித்திரையில் உருவாக்கிய படங்கள். நெருக்கமாகக் குத்திய லட்சக்கணக்கான ஊசிகள் கொண்ட பலகை அது. பக்கவாட்டிலிருந்து விளக்கு. ஊசி வெளியே நீண்டால் நிழல் நீண்டு அந்த இடம் கறுக்கும். உள்ளே அழுத்தினால் வெளுக்கும். பாதி நின்றால் சாம்பல். மையோ கோடோ கிடையாது, உருவம் முழுக்க நிழலால் ஆனது. தவிர, வெல்ஸ் இந்த முன்னுரைக்குப் பின்னால் ஒரு கணக்குத் தீர்க்கிறார். தேவாலயத்தில் வழக்கறிஞர் அதே படங்களைத் திரையில் காட்டிக் கதையைத் தொடங்க, கேட்டாகிவிட்டது, எல்லோரும் கேட்டாகிவிட்டது என்று கே. நிறுத்திவிடுகிறான். உலகம் முழுக்கப் பைத்தியக்காரத்தனம் என்று நம்மை நம்பவைப்பதுதான் சதி, நான் தோற்றதால் பிரபஞ்சமே அர்த்தமற்றது ஆகிவிடுமா என்று கேட்கிறான். நாவலின் கே. ஒருபோதும் இப்படிப் பேசமாட்டான்.

முடிவும் இதன் தொடர்ச்சி. நாவலில் கல்குவாரியில் இரண்டு பேர் கத்தியை ஒருவருக்கொருவர் கைமாற்றிக்கொண்டிருக்கிறார்கள். தானே வாங்கிக் குத்திக்கொள்ள வேண்டும் என்று கே.க்குப் புரிகிறது, செய்வதில்லை, ‘நாயைப் போல’ என்று சொல்லிச் சாகிறான். படத்தில் அவன் குழிக்குள்ளிருந்து சிரிக்கிறான், நீங்களே செய்யுங்கள் என்கிறான்; அவர்கள் டைனமைட்டை வீசிவிட்டு ஓடுகிறார்கள். ஆறு மில்லியன் யூதர்கள் கொல்லப்பட்ட பிறகு, ஹிட்லருக்கு முந்தைய அந்த முடிவை அப்படியே வைக்கத் தன்னால் முடியவில்லை என்று வெல்ஸ் சொல்லியிருக்கிறார். போர்த்திய சிலைக்குக் கீழே, கழுத்தில் எண் தொங்க, சட்டையில்லாமல் நிற்கும் முதியவர்களைப் படத்தின் நடுவில் பார்த்தவர்களுக்கு இந்தக் காரணம் விளங்கும். அறத்தின் பக்கம் நின்றால் அவர் செய்தது சரி. ஆனால் எழும்பும் புகை அணுகுண்டுக் காளான்போல விரிவதில் கே. என்ற தனிமனிதன் காணாமல் போகிறான். ‘நாயைப் போல’ என்ற சொல்லில் இருந்த அவமானத்துக்கு எந்த வெடியும் ஈடாகாது.

ஒலியில் இரண்டு விஷயம். இசையமைப்பாளர் அல்பினோனியின் பெயரில் வழங்கும் அடாஜியோ என்ற மெதுவான இசைத்துண்டு, உண்மையில் ரெமோ ஜியாஸோட்டோ 1958இல் வெளியிட்டது; படம் முழுக்கத் திரும்பத் திரும்ப வருகிறது. இடைவேளை இல்லாமல் பார்க்கும்போது மூன்றில் ஒரு பங்கு குறைந்திருக்கலாம் என்று தோன்றும். அடுத்தது குரல். பதினொரு நடிகர்களுக்கு வெல்ஸே பின்குரல் கொடுத்திருக்கிறார். பெர்கின்ஸின் சில வரிகளையும் அவர்தான் பேசியிருக்கிறார், பெர்கின்ஸாலேயே எந்த வரி என்று கண்டுபிடிக்க முடியவில்லையாம். உதடும் குரலும் சில இடங்களில் பொருந்தாது. கோளாறு என்று நினைத்து ஒலியைச் சரிசெய்யப் போகாதீர்கள், படமே அப்படித்தான். வழக்கறிஞரும் வெல்ஸ், கதைசொல்லியும் வெல்ஸ், போகிற வருகிறவர்கள் பலரும் வெல்ஸ் என்றாகும்போது, கே. எங்கே திரும்பினாலும் ஒரே குரல்தான் பதில் சொல்கிறது.

எந்தப் பிரதியைப் பார்ப்பது என்பதில் அலட்சியம் வேண்டாம். பல வருடங்களாக இலவசமாகச் சுற்றிவந்த பிரதிகள் இந்தப் படத்தின் பெயரைக் கெடுத்துவிட்டன. மூலச் சட்டகத்தின் அகல, உயர விகிதம் 1.66:1. அந்தப் பிரதிகளில் பல ஓரம் வெட்டப்பட்டவை. கறுப்பு முழுக்கச் சாம்பலாகிக் கிடக்கும். ஆழத்தில் ஒரு கதவு திறப்பது தெரியாவிட்டால் மேலே சொன்ன எதுவும் தெரியாது. ஊசித்திரையின் சாம்பல் படிகளும் ஒரே சேறாகிவிடும். ஸ்டுடியோகனால் நிறுவனமும் பிரெஞ்சுத் திரைப்படக் காப்பகமான சினிமாதேக்கும் 4கே தெளிவில் புதுப்பித்த பிரதி 2022இல் கான் திரைப்பட விழாவின் செவ்வியல் பிரிவில் காட்டப்பட்டது. அதிலிருந்து வந்த வட்டுகள் கிடைக்கின்றன. நீளம் 119 நிமிடம் அளவில் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். அறையை இருட்டாக்கிக்கொண்டு, திரையின் பிரகாசத்தைக் குறைத்தே வையுங்கள். கூட்டினால் இருட்டில் ஒளித்து வைத்த அரங்கின் ஓரங்கள் வெளிறித் தெரியும்.

ஒப்பிட விரும்புகிறவர்களுக்கு 1993இல் ஹெரால்ட் பின்டர் திரைக்கதையில் டேவிட் ஜோன்ஸ் எடுத்த படம் இருக்கிறது. பிராகிலேயே எடுத்தது, கைல் மக்லக்லன் கே., அத்தியாய வரிசை ஏறக்குறைய ப்ரோட்டுடையது. வசனம் நாவலுக்கு வெகு அருகில். ஆனால் ஒவ்வொரு அறையும் அதனதன் இடத்தில் ஒழுங்காக இருக்கிறது. கதவைத் திறந்தால் எதிர்பார்த்த அறைதான் வருகிறது. வாக்கியத்துக்கு விசுவாசமாக இருந்து, வாக்கியங்களுக்கு நடுவே இருந்த பயத்தைத் தவறவிட்ட படம்.

நாவலைத் தமிழில் ஏ.வி.தனுஷ்கோடி ஜெர்மனிலிருந்து நேராக மொழிபெயர்த்திருக்கிறார், க்ரியா வெளியீடு. பாதியில் விட்டவர்கள் படத்தைப் பார்த்த கையோடு முதல் பக்கத்திலிருந்து தொடங்க வேண்டாம். வழக்கறிஞர், ஆலை முதலாளி, ஓவியர் மூவரும் வரும் ஏழாவது அத்தியாயத்தை முதலில் படியுங்கள். படம் ஓடிக் கடந்த இடத்தில் காஃப்கா உட்கார்ந்து பேசுகிறார். அதன்பின் ஒன்பதாவது, பாதிரியாரின் வியாக்கியானத்தோடு. இந்த இரண்டும் பிடித்துப்போனால் மீதி அத்தியாயங்களை எந்த வரிசையில் படித்தாலும் குற்றமில்லை. ஆசிரியரே வரிசையை முடிவு செய்யவில்லை.